லிடாருக்கு அலெக்சாண்ட்ரைட் லேசர் வாங்கலாமா? ஓட்டிப் பாத்தவன் ரிவ்யூ

லிடார்னா லேசர் ஒளிய மேல அனுப்பி, திரும்பி வாரத வச்சு காத்துல என்ன இருக்குன்னு பாக்குத கருவி. அதுக்காவ எங்க லேப்ல எறங்குன ட்யூனபிள் (வேவ்லெங்த்த மாத்திக்கிடலாம்) அலெக்சாண்ட்ரைட் கல்லு லேசர் பத்தி நெறைய பேரு கேட்டாவ, அதான் இங்கனயே எழுதுதேன். கம்பெனி பேரு வேண்டாம், ஃப்ளாஷ்லாம்ப் வெளிச்சத்துல கல்லுக்கு எனர்ஜி ஏத்தி (இதத்தான் பம்ப்னு சொல்லுதது) விட்டு விட்டு சுடுத பல்ஸ் மாடல்.

எங்களுக்கு வேண்டியது நீராவி. ஆனி ஆடில செங்கோட்டை கணவாய் வழியா மேகம் தள்ளிட்டு வரும், குத்தாலத்துல சாரல் அடிக்கும், ஆனா திருநவேலிக்கு வந்து சேருதது வெறும் காத்துதான். அந்த ஈரம் எந்த உயரத்துல எவ்ளோ இருக்குன்னு பாக்க ரெண்டு வேவ்லெங்த் மேல அனுப்பணும், ஒண்ணு நீராவி உறிஞ்சுத வரியில, அதாவது அது உறிஞ்சுத குறிப்பிட்ட வேவ்லெங்த்ல, சரியா உக்காரணும், இன்னொண்ணு கொஞ்சம் தள்ளி நிக்கணும், திரும்பி வார ரெண்டு சிக்னலையும் ஒப்பிட்டா ஈரம் தெரிஞ்சிரும். அதுக்கு தோதான வரி 720-730 நானோமீட்டர்ல கெடக்கு, இந்த லேசர் சுமார் 700லேர்ந்து 820 வரைக்கும் போவும்.

டை-சஃபயர் (டைட்டானியம் கலந்த சஃபயர் கல்லுல ஓடுத இன்னொரு ட்யூனபிள் லேசர்) எடுக்கலையான்னு கேப்பிய. 1982ல பீட்டர் மோல்டன்னு ஒரு இயற்பியலாளர் ஓட்டிக் காட்டுனதுலேர்ந்து அதான் ராஜா, நாசா விமானத்துல வச்சுப் பறந்த லேஸ் (LASE) லிடார் 815 நானோமீட்டர் பக்கத்துல நீராவி பாத்ததும் அதுலதான். ஆனா அந்த கல்லுல ஏத்துன எனர்ஜி தங்கி நிக்கது 3 மைக்ரோசெகண்டு சொச்சம்தான், அதனால பச்ச லேசர் ஒண்ணு தனியா வாங்கி பம்ப் பண்ணணும், ரெண்டு பொட்டி ரெண்டு தலவலி. அலெக்சாண்ட்ரைட்ல 260 மைக்ரோசெகண்டு நிக்கும், லாம்பே போதும். இன்னொரு கூத்து, ராடு (லேசர் கல்லு) சூடானா கெயின், அதாவது ஒளியப் பெருக்குத தெறன், கூடும், நம்மூரு வெயிலுக்குன்னே பொறந்த லேசர்னு சிரிச்சோம், ஆனா அந்த சூட்ட ஒரே நெலயில வைக்க சில்லர் ஓடணும், கரண்டு போயி வந்தா அது நெலைக்கு வார வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும்.

ட்யூனிங் அருமை, ஃபில்டரத் திருப்புனா பழைய ரேடியோல முள்ளு நகருத மாதிரி போவுது. பிடிச்சு நிக்க வைக்கதுதான் சோலி. அந்த வரி சில பிக்கோமீட்டர்தான் அகலம், எட்டலான் (வேவ்லெங்த்த நெருக்கிப் பிடிக்க உள்ள வச்சிருக்க கண்ணாடி ஃபில்டர்) வெப்பம் கொஞ்சம் மாறுனாலும் வழுக்கிரும், அப்பவும் ஸ்க்ரீன்ல நம்பர் அழகா வரும், ஆனா ஈரம் கொறச்சலா காட்டும். டெமோக்கு வந்த சேல்ஸ்காரர் ரேஞ்ச் ரேஞ்ச்னு பேசுனாவளே தவிர டிரிஃப்ட், அதான் இந்த வழுக்கல், எவ்ளோன்னு கேட்டா டீ சொன்னாவ. வேவ்லெங்த்த அளந்து சொல்லுத வேவ்மீட்டர் தனி விலை. அத மொத ஆர்டர்லயே சேத்துப் போடுங்க, அது இல்லாம இத வாங்கவே வேண்டாம்.

பீம் மங்கலா செவப்பாத்தான் தெரியும், அத நம்பி பாதுகாப்புக் கண்ணாடியக் கழட்டிராதிய. கண்ணுக்குத் தெரியுதது கொஞ்சம், சுடுதது முழுசு. மேல சுடணும்னா வாகைகுளத்துக்கு (தூத்துக்குடி ஏர்போர்ட்) வார விமானத்தையும் யோசிச்சு பெர்மிஷன் வாங்கிக்கிடுங்க. (ஸ்கின் கிளினிக்ல முடி எடுக்க வச்சிருக்காவளே 755 நானோமீட்டர் லேசர், அதுவும் இதே கல்லுதான், ஆனா அங்க ட்யூனிங் கிடையாது.)

எனக்கு ஆச 770 நானோமீட்டர்ல. 80 கி.மீ.க்கு மேல விண்கல் எரிஞ்சு விட்டுட்டுப் போன பொட்டாசியம் இருக்கு, அதுக்கு தோதான வேவ்லெங்த் இதான், லேசரால அதத் தட்டுனா திரும்பி வார ஒளியில அங்கத்த வெப்பநிலை கெடைக்கும். திருநவேலி பக்கத்துல கிருஷ்ணாபுரம் ஆய்வுக்கூடத்து ரேடார் காத்த அளந்த உயரத்துக்கு பக்கத்துலயேதான் அதுவும்.

அஞ்சுக்கு மூணரை. கோட்டேஷன்ல ஸ்பேர் லாம்பும் எழுதி வாங்குங்க, பொறவு தனியா கேட்டா வெலய ஏத்திச் சொல்லுதாவ.