நாலாவது கேமரா பை

கேமரா வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது, இப்போது தோளில் இருப்பது நாலாவது பை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அழுத காசைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சுமாரான முக்காலி வாங்கியிருக்கலாம். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

முதலில் என் சாமான் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பையைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. நிக்கான் டி500 கேமரா, அதோடு 200-500 மி.மீ. லென்ஸ். நம் ஊரில் பறவை படம் எடுக்கிற நிறையப் பேரிடம் இந்த ஜோடியைப் பார்க்கலாம். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து லென்ஸ் இல்லாத கேமரா, அதாவது பாடி, 860 கிராம், லென்ஸ் அதை முக்காலியில் மாட்டுகிற வளையத்தோடு 2,300 கிராம். இதற்கே மூன்று கிலோவைத் தாண்டியாயிற்று, இன்னும் தண்ணீர் பாட்டில் வைக்கவில்லை. அப்புறம் ஒரு சின்ன 35 மி.மீ. லென்ஸ், இரண்டு பேட்டரி, பைனாகுலர், ஒரு பழைய துண்டு. என்னிடம் கார் கிடையாது. பள்ளிக்கரணை என்றால் ஸ்கூட்டர், வேடந்தாங்கல் என்றால் மதுராந்தகம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவோ லிஃப்டோ. கார் டிக்கியில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு எந்தப் பையும் நல்ல பைதான். என் மாதிரி ஆட்களுக்குத்தான் இது.

முதல் பை கடையில் சும்மா கொடுத்தது. அதற்குச் சும்மா கொடுத்த பையின் தரம் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஒற்றைத் தோளில் குறுக்காக மாட்டுகிற ஸ்லிங். கடைக் கண்ணாடியில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. சின்ன லென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் அறுபத்து மூவர் கூட்டத்தில் போனால் அதைவிட வசதி எதுவும் இல்லை, இழுத்து முன்னால் கொண்டுவந்து, ஜிப்பைத் திறந்து, எடுத்து, மூடிவிடலாம், யார் கையும் உள்ளே போகாது. பெரிய லென்ஸ் வந்த பிறகுதான் வினை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் மறுநாள் கழுத்தை ஒரு பக்கம் திருப்ப முடியாது. ஸ்கூட்டரில் இன்னும் மோசம். ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் பை முதுகிலிருந்து நழுவி விலாவுக்கு வந்து நிற்கும், ஒரு கையால் அதைப் பின்னால் தள்ளிக்கொண்டே வேளச்சேரி ரோட்டில் ஓட்டியிருக்கிறேன். எல்லாக் கனமும் ஒரே தோளில் விழுந்தால் பட்டையில் எத்தனை அங்குல ஸ்பாஞ்சு வைத்தாலும் அது ஒரே தோள்தான். ஒன்றரை, இரண்டு கிலோ வரைக்கும் ஸ்லிங் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவதுதான் நான் இன்னும் மறக்காதது. பெயர் சொல்லவில்லை. பெரிய பை, ஏகப்பட்ட பாக்கெட், இணையத்தில் எல்லோரும் நாலரை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். வழக்கமான முதுகுப் பை மாதிரி வெளிப்பக்கம் திறப்பது. அதாவது, திறக்க வேண்டுமென்றால் முதுகில் படுகிற பக்கத்தைத் தரையில் போட வேண்டும். டிசம்பர் மழை முடிந்த வாரம் பள்ளிக்கரணை ஓரம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஒரு நீலத் தாழைக்கோழிக்காக லென்ஸை எடுத்துவிட்டு, பையைத் திரும்ப மாட்டினால் சட்டை முதுகு முழுக்கச் சேறு. அன்று பார்த்து பஸ்ஸில் போயிருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காருப்பா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது வருடம் உள்ளே இருக்கிற கறுப்புப் பூச்சு உரிய ஆரம்பித்தது. கைவைத்தால் பிசுபிசு. லென்ஸ் மூடியில், பாடியின் ரப்பரில், பைனாகுலர் கண்ணில் எல்லாம் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. துணிக்குத் தண்ணீர் புகாமல் இருக்க உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு அடிக்கிறார்கள், மட்டமான பூச்சு நம் ஊர் ஈரக் காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்து போகும். பழைய மழைக்கோட்டு, பழைய ஷூவின் அடிப்பாகம் உதிர்வதும் இந்த வகைச் சிக்கல்தான். கடற்கரை ஊர்க்காரர்கள் பை வாங்கினால் அடுக்கிவைத்த தடுப்புகளைப் பார்ப்பதோடு நிற்காமல், பாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி விரலால் தேய்த்துப் பாருங்கள். புதுசிலேயே லேசாக ஒட்டினால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நாலாவது, இப்போது இருப்பது, லோவேப்ரோ கம்பெனியின் ஃபிளிப்சைடு 400 ஏ.டபிள்யூ. ஒரு நண்பர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியபோது அவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். இதில் கேமரா வைக்கிற அறைக்கு முன்பக்கம் ஜிப் கிடையாது. முதுகோடு ஒட்டியிருக்கிற பக்கம்தான் கதவு. முதல் நாள் பார்த்தபோது இது என்ன கூத்து என்றுதான் தோன்றியது. மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினதும் புரிந்துவிட்டது: என் முதுகே பூட்டு. பின்னால் நிற்கிறவர் எவ்வளவு நேரம் நின்றாலும் அந்த ஜிப்பைத் தொட முடியாது. கீழே வைக்கும்போதும் வெளிப்பக்கம்தான் மண்ணில் படுகிறது, பட்டைகளும் முதுகுப் பஞ்சும் மேலே பார்த்துக்கொண்டு சுத்தமாக இருக்கின்றன. அந்தச் சேற்றுச் சட்டைக்கு மருந்து இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

இன்னொரு வசதி இருக்கிறது, அதைச் சொன்னால் கடைக்காரர்களே சிலர் நம்புவதில்லை. இடுப்புப் பெல்ட்டை மட்டும் கட்டியபடி தோள் பட்டைகளைக் கழற்றிவிட்டு, பையை அப்படியே இடுப்பைச் சுற்றி வயிற்றுப் பக்கம் கொண்டுவந்தால் அது ஒரு மேஜை மாதிரி நிற்கும். திறந்து நின்றபடியே லென்ஸ் மாற்றலாம். தண்ணீரில் முழங்கால் வரை நிற்கும்போதும், கீழே வைக்க இடமே இல்லாத ஏரிக்கரையிலும் இதற்கு விலையே கிடையாது. பெல்ட்டை இறுக்கமாகக் கட்டியிருக்க வேண்டும், ஜிப்பை அவசரத்தில் கடைசி வரை இழுக்கக் கூடாது. இரண்டையும் வீட்டில் கட்டிலுக்கு மேல் நின்று பத்து தடவை பழகிக்கொண்டுதான் வெளியே எடுத்துப் போனேன்.

பெல்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. லோவேப்ரோவைத் தொடங்கிய கிரெக் லோ மலையேறுகிறவர், வருடம் 1967. மலையேறுகிறவர்களின் பையில் கனம் தோளில் நிற்காது, இடுப்பெலும்பில் உட்காரும். நம் ஊரில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனால் கடைகளில் பாதிப் பைகளுக்கு இடுப்பில் இருப்பது வெறும் நாடா, பை ஆடாமல் இருக்க மட்டும் உதவும். கனம் தாங்க வேண்டுமென்றால் பெல்ட்டில் பஞ்சு வைத்து, அகலமாக, இடுப்பெலும்பின் மேல் பக்கத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கணும். கட்டின பிறகு தோள் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் சுலபமாக நுழைந்தால் கனம் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். தொப்பைக்கு மேல் கட்டினால் வேலைக்கு ஆகாது, இது என் சொந்த அனுபவம்.

நீளக் கணக்கில் ஏமாறாதீர்கள். அட்டையில் போட்டிருக்கிற உயரம் பல சமயம் வெளி அளவு. என் லென்ஸ் 267.5 மி.மீ., பாடியை மாட்டினால் இன்னும் 8 செ.மீ., ஆக உள்ளே 35 செ.மீ.க்குக் குறையாமல் ஒரே நீட்டமாக இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும், நீங்கள் மாட்டி முடிக்கும்வரை மீன்கொத்தி காத்திருக்காது. லென்ஸ் முனையில் மாட்டுகிற வெயில் மறைப்பை, அதாவது ஹுட்டை, திருப்பிப் போட்டால் லென்ஸ் இன்னும் குண்டாகும், அதற்கும் சேர்த்து அகலம் பாருங்கள். இந்தப் பையில் நடுத் தடுப்பை எடுத்துவிட்டால் மாட்டினபடியே படுத்துக்கொள்கிறது, இரண்டு பக்கமும் சின்ன லென்ஸும் பேட்டரியும்.

சரி, எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. முதுகுப் பக்கம் திறக்கிற எந்தப் பையிலும் கேமராவைச் சட்டென்று எடுக்க முடியாது. கோயில் விழாவுக்கு இது சரிப்படாது, அதற்கு அந்தப் பழைய ஸ்லிங்கே இன்னும் போகிறது. கேமராவுக்கென்றே செய்த பை ஆதலால் டிபன் பாக்ஸ், மாற்றுச் சட்டை என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். இரண்டு நாள் வெளியூர் என்றால் நான் செய்வது வேறு: டெகாத்லானில் வாங்கிய சாதாரண மலையேற்றப் பைக்குள் பஞ்சு வைத்த கேமரா இன்சர்ட் ஒன்றை இறக்கிவிடுகிறேன். மேலே துணி, கீழே கேமரா, பார்க்கிறவருக்குக் காலேஜ் பையன் ஊருக்குப் போகிற மாதிரி இருக்கும். விமானம் என்றால் கையோடு எடுத்துப் போக உள்நாட்டில் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி, கூடுதல் பேட்டரிகளை லக்கேஜில் போடக் கூடாது, அதனால் பையே ஒன்றரை, இரண்டு கிலோ இருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

ஏ.டபிள்யூ. என்று பெயரில் இருப்பது மழை உறை உண்டு என்பதற்கு. குளியலறைத் தொப்பி மாதிரி இழுத்து மாட்டலாம். ஆனால் எந்த மழை உறையும் முதுகுப் பக்கத்தை மூடாது, சட்டை நனைந்தால் ஈரம் அங்கே வரும். தூறலுக்குப் போதும், நவம்பர் மழைக்கு ஸ்கூட்டரில் போகும்போது உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதற்குள் கேமராவை வைக்கிறேன். வீடு வந்ததும் முதல் வேலை எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. பைக்குள்ளேயே விட்டுவைத்தால் அந்தப் பஞ்சு பிடித்துவைத்த ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை வரும், ஒரு 50 மி.மீ. எனக்கு அப்படித்தான் போயிற்று. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர், இது போதும். முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். காலிப் பையை வாய் திறந்தபடி ஃபேன் காற்றில் தொங்கவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே வைத்து, பெல்ட் கட்டி, அந்தக் கடை மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்குங்கள். கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான். என்னிடம் ஒருவன், "சார், வாக்கிங் போறீங்களா" என்றே கேட்டான். ஆமாம்ப்பா என்றேன்.

போன மாதம் இடது பட்டை சேரும் இடத்தில் தையல் விட ஆரம்பித்தது, பழைய பைதானே, அத்தனை கையும் பார்த்திருக்கிறது. தெருமுனையில் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொடுத்தேன். மெழுகு நூலில் குறுக்காகவும் நெடுக்காகவும் அடித்து 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். கொடுக்கும் முன் ஒரு தடவை பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.