273-இன் ராக்கர், தகட்டு ராக்கர், ரோலர் ராக்கர்: கிரைஸ்லர் எல்.ஏ. எஞ்சினுக்கு எது ஏற்றது?

கிரைஸ்லர் நிறுவனம் 1964-இல் வேலியன்ட், டார்ட், பாராகுடா ஆகிய சிறிய கார்களுக்காகக் கொண்டுவந்த 273 கன அங்குல வி8 எஞ்சின்தான் எல்.ஏ. குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதைத் தொடர்ந்து 1967-இல் 318, 1968-இல் 340, 1971-இல் 360 என்று அதே குடும்பத்தில் பெரிய எஞ்சின்கள் வந்தன. இந்த எஞ்சின்களில் சுழலும் கேம் லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும், அந்தக் கம்பி ராக்கர் என்ற நெம்புகோலின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். இந்த ராக்கர் விஷயத்தில் மட்டும் மூத்தது தனித்து நின்றது. 1964 முதல் 1967 வரை வந்த 273-இல் உள்ளே அசையும் பாகம் இல்லாத சாலிட் லிஃப்டர் இருந்ததால், வால்வு இடைவெளியைத் திருகி வைக்கும் வசதியுள்ள வார்ப்பிரும்பு ராக்கர்களை அதில் பொருத்தியிருந்தார்கள். பின்னால் வந்தவை பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே ஈடுகட்டும் ஹைட்ராலிக் லிஃப்டருக்கு மாறிவிட்டதால், இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்த, திருகே இல்லாத ராக்கர்களே அவற்றுக்குப் போதுமானவையாக இருந்தன. அம்பாசடர் எஞ்சினில் லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை நுழைத்து டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, வைத்துப் பழகியவருக்கு 273-இன் ராக்கர் உடனே புரியும். 318-இன் ராக்கரைப் பார்த்தால் திருகு எங்கே என்றுதான் தேடுவார்.

இந்த இரண்டு வகையும் ராக்கர்களைக் கோர்க்கும் ஒரே மாதிரித் தண்டில், அதாவது ஷாஃப்டில், உட்காரும் என்பதிலிருந்துதான் இந்த ஒப்பீடு பிறக்கிறது. ஒவ்வொரு ஹெட்டிலும் ஐந்து போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ஒரு ஷாஃப்ட், அதில் எட்டு ராக்கர்கள் என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. பெயரளவு விகிதமும் இரண்டிலும் 1.5தான்; அதாவது லிஃப்டர் உயர்வதைப்போல் ஒன்றரை மடங்கு வால்வு திறக்கும். ஆகவே 318-ஐயோ 360-ஐயோ பிரித்துக் கட்டுகிற எவருக்கும், பழைய 273-இலிருந்து கழற்றிய ராக்கர்களை மாட்டலாமா, இருப்பதையே வைத்துக்கொள்ளலாமா, முனையில் உருளை வைத்த 1.6 விகித ரோலர் ராக்கர் வாங்கலாமா என்ற கேள்வி வந்தே தீரும். பின்னாளில் வந்த மேக்னம் எஞ்சினின் ராக்கரைப் பற்றியும் சிலர் யோசிப்பதுண்டு.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடலாம். 273-இன் ராக்கரை மாட்டுவதால் மட்டும் குதிரைத்திறன் கூடாது. விகிதம் மாறாதபோது வால்வு திறக்கும் உயரமும் மாறாது. எடையில் பார்த்தால் வார்ப்பிரும்பு ராக்கர் தகட்டு ராக்கரைவிடக் கனமானது. அதனிடமிருந்து கிடைப்பது சரிசெய்யும் வசதி ஒன்றே. அந்த ஒன்று எவ்வளவு பெரியது என்பது, எஞ்சினில் வேறு என்னென்ன வேலை செய்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஹெட்டை 0.75 மி.மீ. சீவி, பழையதைவிட 0.5 மி.மீ. மெல்லிய கேஸ்கெட் போட்டால், ராக்கர் ஷாஃப்ட் லிஃப்டரை நோக்கி 1.25 மி.மீ. இறங்குகிறது. புஷ்ராட் பழைய நீளத்திலேயே இருப்பதால், ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் மேலும் கீழும் நகரும் பிளஞ்சர் என்ற பாகம் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடுதலாக அழுந்தும். வால்வு சீட்டை வெட்டும்போது வால்வின் முனை 0.5 மி.மீ. உயர்ந்திருந்தால், அதை 1.5-ஆல் வகுக்க வரும் 0.33 மி.மீ. இன்னும் சேர்ந்துகொள்ளும். பொதுவாக அந்தப் பிளஞ்சர் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை அழுந்தி நிற்பது நல்லது என்பதால், இத்தகைய வேலைகள் எல்லாம் சேர்ந்த ஒரு ஹெட்டில் தகட்டு ராக்கர் வைத்தவர் வேறு நீளத்தில் புஷ்ராட் வாங்க வேண்டும், அல்லது ஷாஃப்டின் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைக்க வேண்டும். 273-இன் ராக்கர் வைத்தவர் ஒவ்வொரு திருகையும் தளர்த்தி அளவை மீட்டுவிடலாம். பதினாறு வால்வுகளும் ஒரே அளவில் வெட்டப்படாத ஹெட்டுகளில் இதன் அருமை நன்றாகத் தெரியும்.

சாலிட் லிஃப்டருக்கான கேம் (சாலிட் கேம்) போடுகிறவருக்கோ இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. திருகில்லாத ராக்கரோடு சாலிட் லிஃப்டரை ஓட்ட வழியில்லை. 273-க்குச் சூடான நிலையில் இன்டேக்குக்கு 0.013 அங்குலம், எக்ஸாஸ்டுக்கு 0.021 அங்குலம் என்று இடைவெளி குறிக்கப்பட்டிருந்தது. வேறு கேம் போட்டால் அந்தக் கேமுக்குரிய அளவையே பின்பற்ற வேண்டும்; பழைய புத்தகத்தின் எண்களைப் புதிய கேமுக்கு வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

இனி மாற்றும்போது தடுக்கி விழும் இடங்கள். தகட்டு ராக்கரில் குழி இருக்கும். அதில் உட்காரும் புஷ்ராடின் மேல்முனை குண்டாக இருக்கும். 273-இல் இது தலைகீழ்: குண்டு திருகின் நுனியில் இருக்கிறது, குழி புஷ்ராடின் மேல்முனையில் இருக்கிறது. ஆகவே ராக்கரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவர் மறுபடியும் கடைக்குப் போக வேண்டும். அடுத்தது, அந்தத் திருகுகள் லாக் நட் இல்லாமல் மரையின் இறுக்கத்தாலேயே நிற்பவை. அறுபதாண்டுப் பழைய திருகில் அந்த இறுக்கம் மிஞ்சியிருக்கிறதா என்பதை ஸ்பேனரைப் பிடித்துத் திருப்பும் கையே சொல்லிவிடும். விரலால் சுழலும் திருகை எஞ்சினில் போடக் கூடாது. 1970-இல் வந்த சாலஞ்சர் டி/ஏ, ஏ.ஏ.ஆர். குடா ஆகியவற்றின் 340-இலும் திருகுள்ள ராக்கர்கள் உண்டு. ஆனால் இன்டேக் வழியை அகலப்படுத்துவதற்காகப் புஷ்ராட் விலக்கப்பட்ட அந்த ஹெட்டுகளுக்கென்றே இன்டேக் ராக்கர்கள் பக்கவாட்டில் தள்ளிச் செய்யப்பட்டவை. சாதாரண ஹெட்டுக்கு அவை உதவா.

பழைய செட் ஒன்றை வாங்குமுன் ராக்கர்களைக் கழற்றி ஷாஃப்டைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். மேற்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும்; அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டினால் ராக்கர் உட்கார்ந்திருந்த இடந்தோறும் ஒரு படி தட்டும். புஷ்ராடும் வால்வு ஸ்பிரிங்கும் ராக்கரின் இரு முனைகளையும் மேல்நோக்கித் தள்ளுவதால், சுமை முழுவதும் ஷாஃப்டின் அடிப்பக்கத்திலேயே விழுகிறது, தேய்மானமும் அங்கேதான். ஷாஃப்டின் எண்ணெய்த் துளைகள் கீழே பார்த்து இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். ஷாஃப்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் எண்ணெய் சுமையில்லாத பக்கம் வழிந்து போகும்; சில மணி நேர ஓட்டத்திலேயே ராக்கரின் துளை சிராய்ந்துவிடும். ஷாஃப்டின் ஒரு முனையில் உள்ள வெட்டு, எஞ்சினின் நடுக்கோட்டை நோக்கியும், இடப்பக்க ஹெட்டில் முன்புறமாகவும், வலப்பக்க ஹெட்டில் பின்புறமாகவும் இருக்க வேண்டும். போல்ட்டுகளுக்கு 200 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 23 நியூட்டன்-மீட்டர் போதும். அதற்குமேல் இறுக்குகிறவர் ஹெட்டின் மரையைத்தான் தின்னுகிறார்.

தகட்டு ராக்கரை நான் ஏளனமாகப் பார்ப்பதில்லை. எடை குறைவு, விலை மலிவு, சாதாரண ஸ்பிரிங்கோடு லட்சம் மைல் தாண்டியும் உழைக்கும். ஹெட்டைச் சீவாமல், தொழிற்சாலைக் கேமுக்கு நெருக்கமான ஹைட்ராலிக் கேமோடு அன்றாடம் ஓடும் 318-இல் அதைக் கழற்றுவதற்கு எந்த நியாயமும் தெரியவில்லை. கடினமான ஸ்பிரிங்கும் உயரமான கேமும் வரும்போதுதான் அதன் பலவீனம் தெரியும்: தகடு வளையும், புஷ்ராட் குழி தேயும்.

1.6 ரோலர் ராக்கரின் கணக்கு வேறு. கேமின் மூக்கு லிஃப்டரை 7 மி.மீ. தூக்குகிறது என்று கொண்டால், 1.5 ராக்கர் வால்வை 10.5 மி.மீ. திறக்கும், 1.6 ராக்கர் 11.2 மி.மீ. திறக்கும். கேமை மாற்றாமலே கிடைக்கும் இந்த 0.7 மி.மீ.தான் அதன் கவர்ச்சி. அதைப் பெறுவதற்கு ராக்கரின் புஷ்ராட் பக்கக் கை குறுக வேண்டும்; கை குறுகினால் புஷ்ராட் ஷாஃப்டை நோக்கிச் சாயும்; சாய்ந்தால் ஹெட்டில் உள்ள புஷ்ராட் துளையின் விளிம்பில் உரசும். எல்.ஏ. ஹெட்டுகளில் இது நன்கு அறியப்பட்ட தொல்லை. துளையை நீளவாக்கில் அகலப்படுத்தாமல் பல ஹெட்டுகளில் தப்ப முடியாது. ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர், வால்வு தண்டு ஓடும் கைடில் இடிக்கிறதா, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடம் மிஞ்சுகிறதா என்பவற்றையும் புதிதாக அளக்க வேண்டும். வால்வுக் கவர் மூடுமா என்பது கடைசியில் தெரியவரும் கேள்வி. பெரும்பாலும் அதுவே முதலில் பணம் கேட்கும். முனையில் உள்ள உருளை வால்வின் மேல் உருண்டு ஓடுவதாக விளம்பரப் படங்கள் காட்டினாலும், உண்மையில் அது சிறிதளவே உருள்கிறது.

எந்த ராக்கரானாலும் வால்வு முனையில் விழும் தடத்தைப் பார்க்காமல் கவரை மூடக் கூடாது. முனையில் மார்க்கர் மையைத் தடவி, எஞ்சினைக் கையால் சில சுற்றுகள் சுற்றிவிட்டுப் பார்த்தால், மை அழிந்த இடம் ஒரு கோடாகத் தெரியும். அது நடுவில், ஒடுக்கமாக இருந்தால் நிம்மதி. விளிம்பை ஒட்டி விழுந்தால் வால்வு ஒருபக்கமாகத் தள்ளப்பட்டு, கைடு முட்டைவடிவமாகத் தேயும்.

மேக்னம் ராக்கரை இந்த வரிசையில் வைப்பதே சரியில்லை. 1992-இல் 5.2 லிட்டராகவும் அடுத்த ஆண்டு 5.9 லிட்டராகவும் வந்த மேக்னம் எஞ்சின்களில் ஷாஃப்டே கிடையாது. ஒவ்வொரு ராக்கரும் தனித்தனியாக ஹெட்டில் போல்ட் செய்யப்படுகிறது, எண்ணெய் புஷ்ராடின் உள்வழியே மேலே வருகிறது. 1.6 விகிதத்துக்கு ஆசைப்பட்டு அதை எடுத்துக்கொள்ள நினைத்தால் ஹெட், லிஃப்டர், புஷ்ராட், இன்டேக் மேனிஃபோல்ட், வால்வுக் கவர் அனைத்தையும் மாற்ற வேண்டும். பழைய மேக்னம் ஹெட்டுகளில் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விழுவது சகஜம் என்பதால், சோதிக்காமல் வாங்குவது சூதாட்டம்.

என் தேர்வு கேட்டால், சாலிட் கேமுக்கும் சீவிய ஹெட்டுக்கும் நல்ல நிலையில் உள்ள 273 ராக்கரும் புதிய ஷாஃப்டும் போடுவேன். மற்றவற்றுக்குத் தகட்டு ராக்கரைத் தொடமாட்டேன். 1.6-ஐ, ஹெட் எப்படியும் மெஷின் ஷாப்புக்குப் போகும் தருணத்தில் மட்டுமே எண்ணிப் பார்ப்பேன்.

எதைப் போட்டாலும் முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்குமுன் எண்ணெய்ப் பம்பை டிரில்லால் சுற்றி ராக்கர் வரை எண்ணெய் ஏற்ற வேண்டும். எல்.ஏ. எஞ்சினில் ஷாஃப்டுகளுக்கான எண்ணெய் இரண்டாவது, நான்காவது கேம் பேரிங்குகளின் வழியாக, கேமில் உள்ள துளை நேர்கோட்டில் வரும்போது மட்டுமே மேலே செல்கிறது. ஆகவே டிரில்லைச் சுற்றியும் ஒரு பக்கம் வறண்டு கிடந்தால் பதற வேண்டாம். டிரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் கிராங்கை மெல்லத் திருப்பிக்கொண்டு வந்தால், ஏதோ ஒரு கோணத்தில் அந்தப் பக்கத்து ராக்கர்களிலும் எண்ணெய் கசிந்து வரத் தொடங்கும்.