ஸ்டார் ஏறிய கணக்கை எதை வைத்துப் பார்ப்பது?

“எப்ப இருந்து ஸ்டார் ஏறினது எண்டு பாக்கலாமோ அண்ணா?” திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் உள்ள தங்கள் ரிப்போவை (திட்டக் கோப்புகளின் தொகுப்பை) காட்டி அதிகம் கேட்பது இதைத்தான். ஸ்டார் என்றால் ரிப்போ பிடித்தவர்கள் அதற்குப் போடும் நட்சத்திரக் குறி. பார்க்கலாம். ஆனால் எந்த வழியில் பார்க்கிறோமோ, அதற்கேற்பப் படமும் மாறும்.

பலரும் முதலில் போவது ஸ்டார் ஹிஸ்டரி இணையதளத்துக்கு. ரிப்போ பெயரைக் கொடுத்தால் ஸ்டார் ஏறியதைக் காட்டும் வரைகோடு வந்துவிடும். ஒரு பார்வை பார்க்க அது போதும். கணக்கு வேண்டுமென்றால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலுக்கு வாருங்கள். கிட்ஹப்பின் ‘ஜிஹெச்’ கட்டளையால் ஸ்டார் போட்டவர்களின் பட்டியலை நேரத்தோடு இறக்கி, நாள்வாரியாக எண்ணலாம். பக்கத்துக்கு 100 பேர் வருவார்கள். டோக்கன் (கடவுச்சொல் போன்ற அனுமதிச் சாவி) இல்லாமல் மணிக்கு 60 தடவை ஏபிஐயை, அதாவது நிரல்கள் தகவல் கேட்கும் வாசலை, கேட்கலாம், டோக்கனோடு 5,000 தடவை. 400 பக்கங்களுக்கு மேல் தராது என்பதால் 40,000 ஸ்டாரைத் தாண்டிய ரிப்போவுக்கு இது முழுமையாகாது. நம் பிள்ளைகளுக்கு அது ஒரு தடையே இல்லை.

இந்த இரண்டுக்கும் குறை ஒன்றுதான். பட்டியலில் இருப்பவர்கள் இன்றைக்கும் ஸ்டாரை வைத்திருப்பவர்கள் மட்டும். எடுத்துவிட்டுப் போனவர் வராதவராகவே ஆகிவிடுவார். அதனால் கோடு ஏறிக்கொண்டே இருக்கும், சரிவு தெரியாது.

2011 முதல் கிட்ஹப்பின் பொது நிகழ்வுகளை மணிக்கொரு கோப்பாகச் சேர்க்கும் ஜிஹெச் ஆர்க்கைவ் இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். ஸ்டாரை எடுத்தது அதிலும் பதிவாகாது, போட்டது மட்டும் அழியாமல் இருக்கும். அந்தக் கணக்கையும் இன்றைய பட்டியலையும் ஒப்பிட்டால் எத்தனை பேர் விலகினார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். கைபேசி டேட்டாவில் அந்தக் கோப்புகளை இறக்க நினைக்காதீர்கள். அதே தரவைக் கூகுளின் பிக்குவெரி என்ற தரவுத் தேடல் சேவையில் மாதம் 1 டெராபைட் வரை இலவசமாகத் தேடலாம், கவனமில்லாமல் எழுதிய ஒரு கேள்வியே அதைத் தின்றுவிடும். ஆய்வு செய்பவருக்கு இது பொக்கிஷம், சொந்த ரிப்போவைப் பார்ப்பவருக்குத் தேவையில்லை.

என் தேர்வு கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவியில்) ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். நாளுக்கு ஒரு தடவை ஏபிஐயைக் கேட்டு ஸ்டார், ஃபோர்க் (பிறர் தங்கள் கணக்கில் எடுத்த பிரதி) எண்ணிக்கையை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கும். சரிவும் அதில் அப்படியே தெரியும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: எத்தனை பேர் ரிப்போவைப் பார்த்தார்கள், எத்தனை பேர் குளோன் செய்தார்கள் (தங்கள் கணினிக்கு இறக்கினார்கள்) என்ற விவரத்தை கிட்ஹப் கடைசி 14 நாட்களுக்குத்தான் தரும், அதுவும் ரிப்போவில் எழுதும் உரிமை உள்ளவருக்கு மட்டும். தமிழ் எழுத்துருமாற்றி போன்ற சின்னக் கருவிக்கு ஸ்டாரைவிட இதுதான் முக்கியம். ஸ்டாரே போடாமல் பயன்படுத்துபவர்கள் நிறையப் பேர். குளோனில் தானியங்கிகளும் கலந்திருக்கும் என்பதால் தனிநபர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கரண்ட் போய், அல்லது லாப்டொப் மூடியிருந்து நேரம் தவறினால் கிரான் அந்த நாளை விட்டுவிடும். தவறிய வேலையைப் பிறகு செய்யும் அனாக்ரான் போட்டால் திறந்ததும் ஓட்டிவிடும். கிட்ஹப்பின் கணினியிலேயே வேலையை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸிலும் ஓடவிடலாம், ஆனால் பொது ரிப்போவில் 60 நாட்கள் எந்த அசைவும் இல்லாவிட்டால் அட்டவணை நின்றுபோகும். அங்கே வழக்கமாக உலகப் பொது நேரம் (யூடிசி) என்பதால் நள்ளிரவு என்று குறித்தால் நமக்குக் காலை 5.30 என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய ஸ்டார்களுக்காக முதல் நாள் மட்டும் முழுப் பட்டியலையும் இறக்கி வைத்துவிட்டு, அன்றிலிருந்தே கிரானைத் தொடங்குங்கள். டோக்கனைத் தனிக் கோப்பில் வையுங்கள், அது சிஎஸ்வியோடு சேர்ந்து ரிப்போவுக்குப் போய்விடக் கூடாது.