மரைக்குக் காவல்: குடில் மேட்டிலா, நடுத்தோட்டத்திலா, காட்டோரத்திலா?

நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பளை, பட்டிப்பொல பக்கம் காட்டை ஒட்டி கரட்டும் லீக்ஸும் போடுகிறவர்களுக்கு, மரை (கடமான்) பயிரை மேய இறங்கும் தடம் நன்றாகவே தெரியும். காவல் குடிலை எங்கே போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

மேட்டில் போட்டால் தோட்டம் முழுக்கக் கண்ணில் படும். நிலாக் காலத்துக்கு அது சரி. மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்துப் பாத்திகூடத் தெரியாது. சத்தம் கேட்டு, ஈரத்தில் வழுக்கும் படிக்கட்டுப் பாத்திகளில் இறங்கி ஓடுவது ஆபத்து.

நடுத்தோட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லா மூலையும் கிட்டத்தில் இருக்கும், உண்மைதான். ஆனால் நமக்குத் தெரியவரும்போது மரை பாத்திக்குள் நிற்கும். அவ்வளவு பெரிய உருப்படி மிரண்டு ஓடினால் தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம்.

காட்டோரம்தான் என் தேர்வு. வேட்டைக்குப் பரண் கட்டுகிறவன் தன் வாடை மரைக்குப் போகாத பக்கமாகப் பார்த்துக் கட்டுவான். காவலுக்கு அப்படியே நேர்மாறு. நம் வாடையும் அடுப்புப் புகையும் காட்டுக்குள் போக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிப்பதால், காடு வடகிழக்கில் இருந்தால் அந்த வேலையைக் காற்றே செய்துவிடும். டிசம்பரில் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். அதனால் இரண்டு பேர் தூக்கி நகர்த்தும்படி கம்பும் தகரமுமாக லேசாகக் கட்டுவது நல்லது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வானம் தெளிந்த, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். காடு கீழே ஓடைப் பக்கம் இருந்தால் மேட்டுக் குடிலின் வாடையும் அங்கே போய்ச் சேரும். அந்த ஒரு நிலத்தில் மட்டும் மேட்டுக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்வேன். காடு மேலே இருந்தால் வாடையை நம்ப முடியாது. தடத்தின் வாயில் டோர்ச்சும் தகரச் சத்தமும்தான் கைகொடுக்கும்.

குடிலைத் தடத்தின் மேலேயே போட்டுவிடாதீர்கள். பன்றியும் சிறுத்தையும் அதே வழியில்தான் வரும். கம்பிச் சுருக்கு வைக்கும் யோசனையும் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி மரையைக் கொல்வது குற்றம். சுருக்குக்கு மரை எது, சிறுத்தை எது என்றும் தெரியாது. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் அப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தையைக் காப்பாற்ற முடியாமல் போனது. தடத்திலிருந்து பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி, வாசல் காட்டைப் பார்க்கும்படி போட்டால் போதும்.