கூரைக் கண்ணாடியா, முற்றமா?

தொண்டிப் பக்கம் எங்கள் ஊரில் நூலகம் கட்ட எட்டு சென்ட் இடம் கிடைத்தது. பகலில் லைட் போடாமல் படிக்க முடிய வேண்டும், படிக்க வராதவரும் வந்து உட்கார இடம் வேண்டும் என்பதில் கமிட்டியில் எல்லாருக்கும் ஒரே கருத்து. வெளிச்சம் எந்த வழியாக உள்ளே வருவது என்பதில்தான் சண்டை. பொறியாளர் கொண்டுவந்த வரைபடத்தில் ஒரே பெரிய கான்கிரீட் ஹால், கூரை நடுவே வரிசையாகக் கண்ணாடி. நான் உட்பட நாலு பேர் கேட்டது ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், தெருப்பக்கம் திண்ணை. முற்றம்தான் ஜெயித்தது. இரண்டு வாடைக்காலம் பார்த்தாகிவிட்டது. ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

ஹாலின் நன்மைகளை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடம் வீணாகாது, சாரல் அடிக்காது, ஒரு கதவைப் பூட்டினால் போதும், பின்னால் மாடி எடுக்கலாம்.

பொறியாளர் முன்மாதிரியாகக் காட்டியது ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்து 1935-இல் முடிந்த விய்பூரி நூலகம். அப்போது அது பின்லாந்து, இப்போது ரஷ்யா. வாசிப்பறைக் கூரையில் 57 வட்டத் திறப்புகள். படத்தில் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அந்த ஊரில் நடுக்கோடையில்கூட சூரியன் 53 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. திறப்புகள் ஆழமான குழாய் மாதிரி இருப்பதால் நேர்வெயில் புத்தகத்தில் விழாது, சிதறிய வெளிச்சம் மட்டும் இறங்கும். நம் கடற்கரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆண்கள் கரையில் இருந்து நூலகம் நிரம்பும் காலமே அதுதான். அப்போது பார்த்து கண்ணாடிக்குக் கீழே மேசை போட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரிதான்.

வெயிலையாவது திரை போட்டுச் சமாளிக்கலாம். உப்புக்காற்றை என்ன செய்வது? எனக்கு முடிவைத் தீர்த்து வைத்தது இந்த ஒரு விஷயம்தான்.

எங்கள் பழைய வாசகசாலையில் தகரக் கூரைக்கு நடுவே நாலு ஃபைபர் ஷீட் போட்டிருந்தார்கள். முதல் வருஷம் பிரமாதம். அடுத்த வருஷம் ஷீட் பழுத்து மஞ்சளானது. பிறகு ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடித்து, ஓட்டை பெரிதாகி, அடைத்த பசை வெயிலில் வெடித்து, ஒரு ஐப்பசி மழையில் வார இதழ்க் கட்டுகள் ஊறிப்போயின. ஏறிச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. ஏறினால் ஷீட் உடையும் என்று பயம். எவர்சில்வர் ஸ்க்ரூ போட்டால் தீர்ந்தது என்றார் பொறியாளர். சாதாரண 304 தரம் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். 316 வேண்டும், அது எங்கள் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பதில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் உப்பு விடாது. கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கூரை அடிப்பக்கம் பிளந்து விழும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதும் துரு செய்த வேலைதான். ரயில்வேயே திணறிய இடத்தில் ஊர்க் கமிட்டி என்ன செய்யும்?

முற்றத்தில் வெளிச்சம் வருகிற வழி வெறும் ஆகாயம். துருப்பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கூரைச் சட்டம் வயிரம் பாய்ந்த பனை (ஆணி இருக்கிறது, இல்லாமல் இல்லை). புத்தக அடுக்குகளுக்கு இரும்பு ரேக் வேண்டாம் என்று கடப்பாக் கல் பலகை பதித்தோம். சுவரில் ஜன்னல் கம்பிக்குப் பதில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்களில் செய்ததுதான். பராமரிப்பு என்றால் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது, ஐப்பசிக்கு முன் நகர்ந்த ஓடுகளைத் திருப்பிப் போடுவது. இரண்டுக்கும் ஊரிலேயே ஆள் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. முதலில் முற்றத்துக்கு சிமெண்ட் தளம் போட்டோம். நண்பகலில் கண் கூசி யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தளத்தை உடைத்து மணல் பரப்பி ஒரு பூவரசு வைத்த பிறகுதான் தாழ்வாரத்தில் நல்ல வெளிச்சம். வாடைக்காலத்தில் வடகிழக்குச் சாரல் மேற்குத் தாழ்வாரம் வரை வரும். அந்த மாதங்களில் அங்கே பாய் போட முடியாது. காக்கை எச்சம் தினசரி வேலை. புத்தகத்தில் பூஞ்சை வருகிறது. ஹாலில் இருந்தால் குறைந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. பெரும்புயல் எதையும் இந்த ஓடு இன்னும் பார்க்கவில்லை.

நான் எதிர்பாராத லாபம் சத்தத்தில் கிடைத்தது. தட்டையான கான்கிரீட் ஹாலில் ஒருவர் பேசினால் நாலு மூலையிலும் எதிரொலிக்கும். 'அமைதி காக்கவும்' பலகை மாட்ட வேண்டிவரும். இங்கே திண்ணையில் வலை பின்னிக்கொண்டே ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, நாலு பேர் அரசியல் பேசுகிறார்கள். முற்றத்தைத் தாண்டி உள்ளே வருவதற்குள் அந்தச் சத்தம் பாதியாகிவிடுகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் யாரையும் அதட்டவில்லை. படிப்பில் நாட்டமில்லாத பெரியவர்கள் சிலர் இப்போது படம் பார்க்கவாவது புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள்.

உங்கள் இடம் மூன்று சென்டுக்குள் என்றால் முற்றத்தை மறந்துவிடுங்கள். அப்போதும் கூரையைத் திறக்காமல் வடக்குச் சுவரில் உயரமாக ஜன்னல் வையுங்கள். நாலடி உயர ஜன்னலுக்கு ஓரடி சன்ஷேடு இருந்தால் ஜூன் மாத நண்பகல் வெயில் உள்ளே வராது. தெற்கே வைத்தால் மார்கழி வெயிலுக்கு இரண்டரை அடிக்கு மேல் நீட்ட வேண்டும். மேற்குச் சுவரை மூடிவிட்டு அங்கே அடுக்குகளை வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே நாலு விரல்கடை விடுங்கள். டியூப்லைட்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பிள்ளைகள் பள்ளி விட்டு, டீ குடித்து, விளையாடி முடித்து வரும்போது மணி ஆறரை ஆகிவிடுகிறது.