மலை அணிலும் அட்லஸ் அந்துப்பூச்சியும்: ஒரு டிரம்ப் கார்டு பெட்டி

அக்கா மகனுக்காக வாங்கிய காட்டுயிர் டிரம்ப் கார்டு பெட்டி (அட்டையில் உள்ள அளவையோ புள்ளியையோ கேட்டு, யாருடையது அதிகம் என்று மோதும் சீட்டு விளையாட்டு), 350 ரூபாய். விளையாட அருமையாக இருக்கிறது. பொது அறிவுக்கு என்று வாங்கினால், திருத்த ஒரு பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அடிக்கடி மோதும் இரண்டு அட்டைகளை வைத்தே சொல்கிறேன்: சாம்பல் நிற மலை அணில், அட்லஸ் அந்துப்பூச்சி.

வகைப்பாட்டில் குறையில்லை. அணில் பாலூட்டி, கொறிணி வரிசை. மற்றது பூச்சி, சாட்டர்னிடே குடும்பம்.

கோட்டை விட்டது படத்தில்தான். பெயர் சாம்பல் நிற மலை அணில். படத்தில் இருப்பதோ செம்பழுப்பு முதுகோடு மலபார் மலை அணில். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், என்னிடமேவா! எங்கள் அணிலுக்கு வால் முடியில் வெள்ளை கலந்து, நரை விழுந்த மாதிரி இருக்கும். இதற்கென்றே 1988-இல் எங்கள் ஊர் மலையில் சரணாலயம் வந்தது. வாழிடம் என்ற கட்டத்தில் 'காடு' என்று ஒரே சொல். கிளைக்குக் கிளை தாவி வாழ்கிற பிராணி, மர உச்சிகள் விட்டுப்போனால் திண்டாடிவிடும். அதை ஒரு வரி எழுதியிருக்கலாம், இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

அந்துப்பூச்சி அட்டையின் அச்சு பிரமாதம். விரித்த இறக்கை 24 செ.மீ., நுனியில் பாம்புத் தலை போன்ற வளைவு, எல்லாம் தெளிவு. ஆனால் உணவு 'தேன்' என்று போட்டிருக்கிறார்கள். வளர்ந்த அட்லஸ் அந்துப்பூச்சிக்குச் சாப்பிடுகிற மாதிரி வாயே கிடையாது.

"அப்போ பசிக்காதா மாமா?"

"புழுவா இருக்கும்போதே கொய்யா இலை, எலுமிச்சை இலைன்னு தின்னு சேர்த்து வச்சிரும்டா. அதை வச்சு ஒண்ணு ரெண்டு வாரம் ஓட்டும்."

அப்புறம் பாதுகாப்பு நிலை. அணிலுக்கு 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்', ஐ.யு.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம்) எந்த இனத்துக்கு எவ்வளவு அழிவு ஆபத்து என்று மதிப்பிடும் செம்பட்டியல்படி சரி, 3 புள்ளி. அந்துப்பூச்சிக்குப் 'கவலை இல்லை', 1 புள்ளி. இதுதான் எனக்குப் பெரிய குறை. அந்தப் பட்டியலுக்காக அட்லஸ் அந்துப்பூச்சியை இன்னும் மதிப்பிடவே இல்லை. பரீட்சை எழுதாதவனைப் பாஸ் என்று போட்ட மாதிரி இருக்கிறது. பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் நிலையும் இதுதான் என்பதால், 'மதிப்பிடப்படவில்லை' என்று தனிக் கட்டமே வைத்திருக்கலாம். இப்போதைக்கு அந்த அட்டை வந்தால் பாதுகாப்புப் புள்ளியைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அட்டை நல்ல தடிமன், முனை மடங்கவில்லை. எட்டு வயதுக்கு மேல் சரியாக இருக்கும். ஐந்துக்கு மூன்று.