எம்கேலிங்க்: சி டிரைவ் நிரம்பி வழியும் ஸ்டுடியோக்களுக்கு

முகூர்த்த மாதம் வந்தால் கும்பகோணம், மாயவரம் ஸ்டுடியோ கம்ப்யூட்டர்களில் சி டிரைவ் சிவப்பாகிவிடும். விண்டோஸ் விஸ்டா முதல் கூடவே வரும் எம்கேலிங்க் இதற்குப் போதும். வேறு டிரைவில் இருக்கும் ஃபோல்டரைப் பழைய இடத்திலேயே இருப்பது போல் காட்டும் இணைப்பை உருவாக்கும் கட்டளை இது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஆல்பம் ஃபோல்டரை முழுசாக டி டிரைவுக்கு நகர்த்திவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில்:

எம்கேலிங்க் /ஜே சி:\ஆல்பம் டி:\ஆல்பம்

இணைப்பின் பெயர் முதலில், அசல் இடம் பின்னால். லினக்ஸில் இணைப்பு உருவாக்கும் எல்என் கட்டளைக்கு இது தலைகீழ். பழகிய கை இங்கேதான் தடுமாறும். சி-யில் பழைய ஃபோல்டர் மிச்சமிருந்தால் ஏற்காது. விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் நேரடியாக ஓடாது. /ஜே-க்கு அட்மின் உரிமை தேவையில்லை. ஆனால் நெட்வொர்க் ஃபோல்டருக்கு /ஜே உதவாது, அதற்குப் பதில் /டி வேண்டும்.

இணைப்பை நீக்க ஆர்எம்டிஐஆர் கட்டளை மட்டும். டெல் கட்டளையை அடித்து, உறுதி கேட்கும்போது 'ஒய்' தட்டினால் டி-யில் உள்ள கல்யாணப் படங்களே போய்விடும், ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. அது கேட்கும் கேள்வியில் 'அசல்' என்ற குறிப்பே இல்லாதது பெரிய குறை.